ஆறு மணிக்கு இடது மூலையில்

ஜூன் 3, திங்கள்

ஆறு மணிக்கு நீலம் மறுபடியும் தொட்டியின் இடது மூலைக்கு வந்து நின்றது. தீனியை நான் வலது பக்கம் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டு, வெளியே அவருடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிட வந்தது. அதற்குள் பாதித் தீனி பாறை இடுக்கில் போய்விட்டது.

அவர் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. மீனுக்கு யார் சொல்வது?

இத்தனை வருஷமும் இந்தத் தொட்டிக்குத் தீனி போட்டது என் கைதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மோதிரத்தால் கண்ணாடியில் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டுத் தட்டுவார். நான் மூடியைத் திறந்து மேலிருந்து போடுவேன். நீலத்தைப் பொறுத்தவரை தீனி மோதிரத்திலிருந்து வருகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த மனிதர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் மாற்றும் நாள். பெரிய வாளியில் உப்பைக் கொட்டி, கலக்குகிற மோட்டாரைப் போட்டுவிட்டு, அது கரைவதற்குள் கத்தரிக்காய் குழம்பு வைத்தேன். பழைய தண்ணீரில் மூன்று வாளி வெளியே, புதியது மூன்று வாளி உள்ளே. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினேன். இடது மூலையில் வெளிப்பக்கம் மட்டும் ஒரு மங்கலான வட்டம். மோதிரம் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. துடைத்தால் போகாது என்று தெரியும். துடைத்தேன்.

மஞ்சரி போன் செய்தாள். அவள் கணவன் இமானுவேலுக்குப் பொன்மலையிலிருந்து பெரம்பூர் ரயில்வே பணிமனைக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

"நாங்க அங்கயே வந்து இருக்கலாமாம்மா? வேணாம்னா சொல்லு, வேற வீடு பாத்துக்கிறோம். கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் மகள் என் வீட்டுக்கு வருவதற்கு நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பதில் சொல்வதற்கு முன் என்னையறியாமல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏழு வருஷமாக அவள் இந்த வாசற்படி தாண்டவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு இமானுவேலோடு வந்து நின்ற அன்று அவர் கதவை அடைத்துவிட்டார். மார்ச்சில் அவர் சாவுக்கு வந்தவள் வாசல் பந்தலிலேயே நின்றாள், அப்படியே போனாள். ஐந்து வயது லிடியா அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

ஜூன் 8, சனி

கொளத்தூர் போனேன். புறப்படும்போது தொட்டிப் பக்கம் பார்த்து, "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். மீனிடம் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

புது மீன் வேண்டும். காரணத்தை இங்கே எழுதலாம், கடையில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் அவரைத் தெரியாத ஓர் உயிராவது இருக்க வேண்டும். நீலம் அவரைப் பார்த்தபடி நிற்கிறது, நான் நீலத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மீன் கடை நிஜாமுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும், அவருக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளாக. இன்றைக்கு நான் தனியாகப் போனதும் தட்டு மாதிரி இருந்த ஒரு மஞ்சள் டாங்கைக் காட்டினான்.

"இத எடுத்துக்கோங்கம்மா. வீடே வெளிச்சமாயிடும்."

"நாலு அடித் தொட்டிப்பா. இது நீந்துறதுக்கு எடம் எங்க இருக்கு?"

"அப்ப இது?" ட்ரிக்கர் ஒன்று, பார்வையே சரியில்லை.

"என் இறால், நத்தை எல்லாத்தையும் தின்னுட்டு என்னையும் பாக்கும்."

அவன் சிரித்துவிட்டான். "தொட்டில இப்ப யாரு இருக்கா?"

"ஒரு டாம்சல். நீலம், வால் மட்டும் மஞ்சள்."

"எத்தன வருஷமா?"

"முதல்ல விட்டதே அதுதான்."

நிஜாம் தலையில் கை வைத்தான். சாதுவை முதலில் விட வேண்டும், சண்டைக்காரனைக் கடைசியில் விட வேண்டும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. முதலில் வந்தவனுக்குத் தொட்டி முழுக்கச் சொந்தம். அவருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் டாம்சலை முதலில் விட்டார், தாங்குகிற மீன் என்று. அதன் பிறகு விட்ட ஒவ்வொன்றையும் அது மூலையில் தள்ளியே தீர்த்தது. அவர் அதைக் கண்டிப்பு என்பார்.

நிறத்திலும் உருவத்திலும் டாம்சலைப் போல் இல்லாததாக, சின்னதாக, யார் வம்புக்கும் போகாததாக ஒன்று கேட்டேன். வெள்ளை உடம்பு, நெருப்பு வால். ஃபயர் ஃபிஷ் என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

புது மீனை நேராகத் தொட்டியில் விடக்கூடாது. ஏதாவது நோய் இருந்தால் எல்லாம் போய்விடும், தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இடம் மஞ்சரியின் அறைதான். பூட்டைத் திறந்தேன். உப்பு மூட்டைகளும் பழைய குழாய்களும் அவள் கட்டில்மேல் ஏறியிருந்தன. பாதியை இறக்கி, மேசையைத் துடைத்து, சின்னத் தொட்டியை வைத்தேன். மேசைக் கண்ணாடியின் அடியில் அவளுடைய பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் இன்னும் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. மூன்று நாள் வைத்துவிட்டு விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

ஜூன் 13, வியாழன்

விட்டுவிட்டேன்.

ஜூன் 15, சனி

ஃபயர் ஃபிஷ் இல்லை. பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெருக்கும்போது அலமாரிக்கு அடியில் கிடைத்தது, அப்பளம் மாதிரி காய்ந்துபோய். நீலம் துரத்தியதில் குதித்திருக்கிறது. மூடியைச் சரியாகத்தான் மூடினேன். சரியாக மூடியதாகத்தான் ஞாபகம்.

அவர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அவர் ஒருநாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. ஓங்கவும் முடியாது. பத்து வருஷமாகச் சர்க்கரையில் இரண்டு தோளும் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் ஏறாது. சட்டை மாட்டிவிடுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நான்தான். வீட்டில் ஆணிகளெல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

மாலை மின்சாரம் போய்விட்டது. மோட்டார், மின்விசிறி எல்லாம் நின்று, வீடு ஊமையாகிவிட்டது. இந்த வீட்டுக்குள் இத்தனை அமைதியை நான் கேட்டதில்லை. தொட்டிக்குள் காற்று போக வேண்டுமே என்று குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, கை துடைக்க அடுப்படிக்குப் போனேன்.

டொக், டொக், டொக்.

"இதோ வந்துட்டேங்க" என்றேன். மனதுக்குள் இல்லை, சத்தமாகவே சொன்னேன். தீனி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் பாதி தூரம் வந்தும்விட்டேன்.

நாற்காலி காலியாக இருந்தது. நீலம் மூலையில் நின்றது. கடிகாரத்தில் ஆறு.

பீரோவைத் திறந்து மோதிரத்தைப் பார்த்தேன். வைத்த இடத்தில் இருந்தது.

ஜூன் 19, புதன்

நிஜாமுக்குப் போன் செய்தேன். "டாம்சல் சத்தம் போடும்மா. கோவம் வந்தா பல்லக் கடிச்சு டொக்கு டொக்குன்னு. மோட்டார் சத்தத்துல நமக்குக் கேக்காது" என்றான்.

விளக்கம் கிடைத்தது நல்லது. மூன்று தடவைதான் தட்டுமா என்று அவனிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. இரண்டு க்ளவுன் மீன் குஞ்சுகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

க்ளவுன் ஜோடி மஞ்சரியின் அறையில். இந்தத் தடவை நாள் குறைக்கப் போவதில்லை.

மஞ்சரி கேட்டாள், "என்னம்மா யோசிச்சே?"

"ஆடி வரப்போகுது. ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா? ஆடி போகட்டும்."

"இமானுவேலுக்கு ஆடி எல்லாம் கிடையாதும்மா."

"எனக்கு இருக்கே" என்றேன். உண்மையில் எனக்கும் அவ்வளவாகக் கிடையாது. "சரி, அவர் மொதல்ல வந்து ரூம் எடுத்துத் தங்கட்டும். நீ ஆவணிக்குள்ள முடிவு சொல்லு" என்றாள்.

லிடியா வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொன்னாள். "ஒரு மீன்தான் இருக்கா? அதுக்கு ஃப்ரெண்டு இல்லையா பாட்டி?"

"மெதுவாப் பேசு கண்ணு" என்றேன். வீட்டில் தூங்குகிறவர் யாரும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

க்ளவுன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன. மூட்டைகளையெல்லாம் மொட்டைமாடி அறைக்கு ஏற்றிவிட்டேன். முழங்கால் விட்டுப்போய்விட்டது. மஞ்சரியின் கட்டில் வெளியே தெரிகிறது.

ஜூலை 21, ஞாயிறு

க்ளவுன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து. பெட்டிக்குள் அவை பத்திரம். நீலம் வந்து முட்டிப் பார்க்கலாம், கடிக்க முடியாது. ஒரு வாரம் முட்டிச் சலித்தபின் திறந்துவிடுவது வழக்கம். நீலம் காலையிலிருந்து முட்டுகிறது.

ஜூலை 30, செவ்வாய்

திறந்துவிட்டேன். துரத்தல் இருக்கிறது, கடி இல்லை. சின்னது இரண்டும் பொத்தான் பவளங்களுக்கு மேலே ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. வெகுநாள் கழித்துச் சிரித்தேன். லிடியாவுக்குப் படம் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றைக்கு ஆறு மணிக்கு மூன்றும் இடது மூலையில் நின்றன.

நீலம் நடுவில். இரண்டு பக்கமும் சின்னது ஒவ்வொன்று. மூன்றும் வெளியே பார்த்துக்கொண்டு. நான் தீனி டப்பாவோடு வலது பக்கம் நின்றேன், ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை, பயத்தால். இவை அவரைப் பார்த்தவை இல்லை. அவர் குரலைக் கேட்டவை இல்லை. அவர் போன பிறகு பிறந்தவையாகக்கூட இருக்கலாம். நீலத்தைப் பார்த்து, நீலம் நிற்கிற இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டன. இனி நீலம் செத்தாலும் இவை நிற்கும். இவற்றுக்குப் பின்னால் வருபவையும் நிற்கும். அவர் எங்கேயும் போகவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலிருந்து லிடியாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் அவரைப் பார்த்ததில்லை, ஐஸ் பெட்டியில் கண்ட முகத்தைத் தவிர. இங்கே வந்தால் எப்போது மெதுவாகப் பேசுவது, எந்த நாற்காலியில் உட்காராமல் இருப்பது, வெளியே போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் கற்றுக்கொள்வாள். யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்தால் போதும்.

மஞ்சரியைக் கூப்பிட்டு, வேண்டாம், வேறு வீடு பாருங்கள் என்றேன். வீடு பழசு, தண்ணீர் சரியில்லை, பள்ளிக்கூடம் தூரம் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள், "பரவாயில்லம்மா. மேல்தாழ்ப்பாள் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன். இருந்தாலும் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்னு தோணிச்சு."

"அடுப்புல பால் பொங்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கதவில் இரண்டு தாழ்ப்பாள். ஒன்று கைப்பிடி அருகே. ஒன்று மேலே, நிலையை ஒட்டி, அவர் கை ஏறாத உயரத்தில்.

வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நீலம் சின்ன க்ளவுனின் வாலைக் கிழித்துவிட்டது. நிஜாமுக்குப் படம் அனுப்பினேன், அவனே கூப்பிட்டான்.

"அம்மா, ஒரே வழிதான். டாம்சல வெளிய எடுங்க. கல்லு எல்லாத்தையும் எடம் மாத்துங்க, ஒண்ணுகூடப் பழைய எடத்துல இருக்கக்கூடாது. சின்னதுங்க புதுசா எடம் புடிக்கட்டும். கொஞ்ச நாள் கழிச்சு டாம்சலக் கடைசியா விடுங்க. அதுக்கும் அது புது ஊருதான். புதுசா வந்தவன் வாலச் சுருட்டிக்கிட்டுதான் இருப்பான்."

"பவளமெல்லாம் தாங்குமா?"

"தாங்கும்மா. நீங்க தாங்குவீங்களா, அதச் சொல்லுங்க. கூட ஆள் அனுப்பட்டா?"

வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஆரம்பித்தேன். பாதித் தண்ணீரைத் தொட்டிகளிலும் வாளிகளிலும் இறக்கி, பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உப்புத்தண்ணீரிலேயே வைத்தேன். அவர் கைகாட்டி, நான் அடுக்கிய பாறைகள். இது இன்னும் இடப்பக்கம், அது இன்னும் கீழே என்று மூன்று நாள் அடுக்கினோம். தோள் வரைக்கும் நனைந்து, கை விரலெல்லாம் கீறல். கடைசிப் பாறையை எடுத்த பிறகுதான் நீலத்தைப் பிடிக்க முடிந்தது. ஒளிய இடமில்லாமல் வெறும் மணலில் நின்றது. இவ்வளவு சின்ன மீனா என்று இருந்தது. என் சுண்டுவிரல் நீளம்.

அதை மஞ்சரியின் அறைத் தொட்டியில் விட்டேன். பாறைகளை வேறு மாதிரி அடுக்கினேன். இடது மூலையில் ஒரு பெரிய பாறையை நிறுத்திவிட்டேன், இனி அங்கே யாரும் நிற்க முடியாது. எனக்குப் பிடித்த மாதிரி ஒரு குகை வைத்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவே நேரமாகிவிட்டது.

ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். நீலம் சின்னத் தொட்டியிலும் ஒரு மூலையில் நின்றது. தட்டாத கண்ணாடி. அங்கே வெளியே மஞ்சரியின் ஜன்னல் மட்டும்தான் இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாற்காலியை மொட்டைமாடி அறையில் போட்டேன். சோபாவைத் திருப்பினேன். தொலைக்காட்சி எதிர்ச் சுவருக்குப் போனது. மீன்களுக்குத் தீனி இனி மதியம், என் சாப்பாட்டுக்கு முன்னால்.

தச்சர் துரைக்கண்ணு வந்தார். மேல்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன்.

"நல்ல பித்தளைம்மா. எதுக்குக் கழட்டறீங்க? ரெண்டு தாழ் இருந்தா பாதுகாப்புதான."

"வேண்டாம். எடுத்துட்டுப் போயிடுங்க. முக்காலி தரட்டுமா?"

"எதுக்கும்மா, கை எட்டுதே."

கையை நன்றாகத் தூக்கினால் எட்டும். நானும் தச்சர் உயரம்தான். களிம்பேறி இறுகிப்போயிருந்தது, துரைக்கண்ணு சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார். திருகாணித் துளைகளை மரத்தூள் வைத்து அடைத்துவிட்டுப் போனார். சாயம் பூசவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மஞ்சரியைக் கூப்பிட்டேன். "வேற வீடு பாத்துட்டீங்களா?"

"அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. ஏம்மா?"

"வாங்க" என்றேன். பிறகு, "மேல்தாழ்ப்பாளக் கழட்டிட்டேன்" என்றேன்.

"பால் பொங்குதாம்மா?" என்றாள்.

"இல்லை. பேசு" என்றேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள். நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. நீலத்தைக் கடைசியாக, பெட்டியில் வைத்துப் பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தேன். க்ளவுன்கள் என் குகையை எடுத்துக்கொண்டுவிட்டன. நீலம் பெட்டிக்குள் இங்கும் அங்கும் பார்த்தது. இது எந்த ஊர் என்று கேட்பது போல இருந்தது.

மாலை ஐந்தேமுக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டு ரேவதியிடம் கொடுத்து, மஞ்சரி வந்தால் கொடுக்கச் சொன்னேன். "நீங்க இருந்து ஆரத்தி எடுக்க வேண்டாமாக்கா?" என்று விழித்தாள். வேலை இருக்கிறது என்றேன். தொட்டிப் பக்கம் பார்த்துச் சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருமுனை வரை போன பிறகுதான் சொல்லாமல் வந்தது உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

பெரம்பூர் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இறங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இமானுவேல் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டான். லிடியா இடுப்பில் இல்லை, முன்னால் ஓடினாள். கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போய், கை கால் கழுவி, எந்த அறை யாருக்கு என்று சண்டை போட்டு முடிக்கட்டும். அவர்கள்தான் முதலில் போக வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே லிடியாவின் குரல், தெரு வரைக்கும் கேட்கிற குரல். "இந்த நீலக் கலர் மீன் ஏன் பெட்டிக்குள்ள இருக்கு? வெளிய விடுப்பா."

"அது புதுசாம்மா. பழகட்டும்" என்று இமானுவேல் சொன்னான்.

என் வீட்டு மணியை நான் அடித்ததில்லை. சத்தம் இப்படி இருக்கும் என்றே தெரியாது. அடித்துவிட்டு, அன்றைக்கு மஞ்சரி நின்ற அதே இடத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கதவு மிகவும் உயரமாக இருக்கிறது.

"யாரு?" என்றாள் லிடியா உள்ளிருந்து.

கீழ்த்தாழ் விலகியது. மஞ்சரி திறந்தாள். என் பழைய புடவையைத் தோளில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவில் வாசற்படி.

"உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.